மாம்பழ மேகத்தார்

"நான் ஊதுறதைக் கண்டுபிடிக்கிற மூக்கு இந்த அம்மான் நகரத்துல இன்னும் பொறக்கல, சித்தப்பா!"

இப்படி முழங்கியவன் என் அண்ணன் மகன் முஹன்னத். அவன் மாம்பழ மேகத்தார் என்ற இனத்தைச் சேர்ந்தவன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: சிகரெட்டை விட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, சட்டைப்பையில் மின்சிகரெட்டை ஒளித்துக்கொண்டு, லிஃப்டிலும் காரிலும் கழிப்பறையிலும் மாம்பழமாக, தர்பூசணியாக ஊதித் தள்ளிவிட்டு, "வெறும் பழ வாசனைதானே?" என்று புருவம் உயர்த்துகிறவர்கள். சாட்சிக்கு யாரை அழைப்பார்கள்? என்னைப் போல முப்பது வருடம் புகைத்தவனை. எனக்கோ டயர் எரிந்தாலும் ரோஜாப்பூ! புகைக்காதவரைக் கேளுங்கள். மாம்பழத்தைச் சர்க்கரைப் பாகில் கருக்கி, ஈரக் காலுறைக்குள் முடிந்து வைத்த நாற்றம் என்பார்.

போன வெள்ளிக்கிழமை அவனுக்குப் பெண் கேட்டு, அவனையும் சேர்த்து எட்டுப் பேராகப் போனோம். பெண்ணின் தகப்பனார் அபூ காலிப் மசாலா வியாபாரி, சிகரெட்டைத் தொட்டறியாதவர். ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார்: மாப்பிள்ளை புகையைத் தலைமுழுகியிருக்க வேண்டும்.

"ஒரே ஒரு இழுப்பு சித்தப்பா" என்று படிக்கட்டு மறைவில் நாலு இழுப்பு இழுத்தான் முஹன்னத். பிறகு எங்கள் முன்னால் வாயைத் திறந்து காட்டினான்.

"சுத்தமா ஒண்ணும் வரலடா!" என்றோம் ஏழு பேரும். ஏழு பேரும் புகைக்கிறவர்கள்.

காப்பி வந்தது. எங்கள் பெரியவர் முறைப்படி கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்துப் பெண்ணைக் கேட்டார். சம்மதம் வந்தால்தான் காப்பி தொண்டையில் இறங்கும். வராவிட்டால் கோப்பையை அப்படியே விட்டு எழுந்துவர வேண்டியதுதான். அபூ காலிப் வாயைத் திறந்தார். மூடினார். அம்மானில் இன்னும் பிறக்காத அந்த மூக்கு, அறுபத்திரண்டு வயதோடு மெல்ல அசைந்தது.

"யாராச்சும் ஜன்னலைத் திறங்கப்பா. ஜாம் அடிப்பிடிச்ச வாடை."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தோம். என்ன வாடை? எங்கே? எட்டாவது ஆள் மட்டும் எதுவும் கேட்காமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான். திரும்பி வந்து, பையிலிருந்ததை எடுத்து ஆறிப்போன கோப்பையின் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தான்.

அபூ காலிப் அதைப் பார்த்தார். அவனையும் பார்த்தார்.

"பெரியவர் காப்பியைக் குடிக்கலாம். மாப்பிள்ளை மட்டும் கொஞ்ச நாளைக்கு ஜன்னலோரமா உக்காரட்டும்."

சிரிக்காதீர்கள். நீங்கள் ஊதிக்கொண்டே இதைப் படிக்கத் தொடங்கியபோது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அவர் எங்கே?