எள் அறையின் வாசற்போர்

லோணாவளா மலைமேல் வெல்லப்பாகு மணக்கும் சிக்கி மிட்டாய் ஆலையில் எள் அறையின் வாயிலைக் காத்து நிற்பவளே, வலைத்தொப்பியை மணிமுடியாய், வெள்ளை ஏப்ரனை மார்க்கவசமாய்ப் பூண்ட குமுதினி தாயியே, நின் புகழ் ஓங்குக!

அடுத்த அறையில் ஆர்ப்பரித்துக் கிடந்தது நிலக்கடலைப் பெரும்படை. அதன் துகள் ஒன்று போதும், புனே விடுதிப் பள்ளியில் ஒரு சிறுமியின் தொண்டை வீங்கி அடைக்க. சென்ற ஆண்டு எங்கோ வாங்கிய மிட்டாயால் ஆஸ்பத்திரி கண்டவள் அவள். இந்தச் சங்கராந்திக்கு அவள் பயமின்றித் தின்னவேண்டிய எள் சிக்கிதான் அன்று பலகைமேல் தகடாய் ஆறிக்கொண்டிருந்தது. ஆகவே கடலைக்குச் சிவப்புக் கரண்டி, எள்ளுக்கு நீலக் கரண்டி என்று நாடு பிரித்து, வாசலில் மஞ்சள் கோடிட்டு எல்லை காத்தாள் குமுதினி. ஈ நுழைந்தாலும் கால் கழுவினாயா என்று கேட்பாள் என்பது ஆலைப் பேச்சு.

அவ்வேளை, மதயானை மதிலை நோக்கி வருவதுபோல், ஜரிகைத் தலைப்பாகை அசைய, வெள்ளித் தட்டேந்தி எழுந்தருளினார் முதலாளி பாஸ்கர் சேட். தட்டில் அவர் மனைவி பிடித்த எள்ளுருண்டைகள். பண்டிகையன்று நீட்டிய உருண்டையை மறுப்பது அங்கே முகத்தில் அறைவதற்குச் சமம். அந்தோ, கடலைப்பொடி சேர்க்காமல் அந்த அம்மாள் உருண்டை பிடித்ததே இல்லை!

"எள்ளுருண்டை வாங்கிக்கோ தாயி, இனிக்க இனிக்கப் பேசு!" என்று அவ்வூர்ச் சங்கராந்தி வாழ்த்தை முழங்கினார் சேட்.

"இனிக்க இனிக்கவே சொல்றேன் சேட்ஜி, கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."

"அட, நல்ல நாளும் அதுவுமா! ஒரு வாய்!"

எல்லைக்கோட்டைத் தாண்டி நீண்டது சேட்டின் கை. உதிர்ந்தது ஒரு துணுக்கு. கோட்டை நடுவே இடி இறங்கியதுபோல் அது எள் தகட்டின்மேல் விழுந்தது.

"ஊதிவிட்டா போச்சு தாயி" என்றாள் வில்லை போடும் சுலபா, மெதுவாக.

முழங்கினாள் குமுதினி: "தகடு முழுசும் குப்பைக்கு! பலகையைச் சுடுதண்ணி ஊத்தித் தேய்! புதுப் பாகு ஏத்து!"

"என் ஆலையில எனக்கேவா?" என்று உறுமினார் சேட்.

"டப்பா மேல கடலை இல்லைன்னு சத்தியம் பண்றது உங்க பேர்தானே சேட்ஜி?"

வேல் தைத்த வேந்தனைப்போல் தட்டும் தாமுமாக வராந்தாவுக்குப் பின்வாங்கினார் அவர். வென்றவள் அத்துடன் நின்றாளில்லை. கவசம் களைந்து, எல்லை கடந்து, எதிரியின் பாசறைக்குத் தனியே நடந்து, அவர் கையிலிருந்தே ஓர் உருண்டையை வாங்கி வாயிலிட்டு, விழிமூடிச் சுவைத்து, "அண்ணி கைப்பக்குவமே தனி" என்று அகிலம் கேட்க அறிவித்தாள். சேட்டின் மீசை மலர்ந்தது, போர் ஓய்ந்தது.

பிறகு, எள் அறைக்குத் திரும்புமுன், அவள் வாய் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.