கம்பியில் நாலு மைனா

ஒரே மாதத்தில் நூறு பறவைகளைப் படம் பிடித்துக் காட்டுகிறேன் என்று அந்தப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒரு நாள் மனைவியிடம் சபதம் போட்டார். பறவைகள் மேல் அவருக்கு அப்படியொன்றும் பிரியம் கிடையாது. அவள் கூப்பிடும் கண் டாக்டரிடம் போகாமல் தப்பிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பணிமனையில் அவருக்குக் ‘கழுகு’ என்று பெயர். ஒரு காலத்தில் தெருக்கோடியில் திரும்பும் லாரியின் எண்ணை இங்கிருந்தே படித்தவர். ஆறு மாதமாகத்தான் உலகத்தின் மேல் யாரோ எண்ணெய்த்தாளைப் போர்த்திவிட்டார்கள். மாதக் கடைசியில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை. போன வருஷம் அதில் தோற்ற ஓட்டுநர் இப்போது பள்ளி வாசலில் நிற்கிறார். தான் ஓட்டிய பேருந்து வரும்போது கேட்டைத் திறந்துவிடுகிறார்.

கழுகு ஒன்றும் ஏமாளி இல்லை. பரிசோதனைப் பலகையின் எழுத்துகளை மனப்பாடம் செய்துவிட்டார். காலையில் குளியலறையிலிருந்து, “ஈ... எஃப், பி... டி, ஓ, இசட்...” என்று மந்திரம் போல வரும். வீட்டிலேயே துணி தைக்கும் மனைவி, மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். பிறகு மறுபடியும் மிதிப்பாள்.

படம் பிடிக்கும் முறையும் சுலபம்தான். சத்தம் வரும் பக்கம் கேமராவைத் தூக்கி, இருபது தடவை அமுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, படத்தைப் பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்து பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்றில் ஒரு வாலாவது இருக்கும். “பாத்தியா? அவ்வளவு உயரத்துல இருந்துச்சு. எப்படிக் கண்டுபிடிச்சேன்!”

“உங்க கண்ணே கண்ணு” என்பாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை. கறுப்புக் குடை பிடித்து ஒரு பெரியவர் சாலையைக் கடந்தார். கழுகு அதை மரநிழல் என்று நினைத்தார். நிழல் நடந்தது. பேருந்து குடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பேருந்துக்குள் முன் கம்பியில் மோதி ஒரு சிறுமிக்கு உதடு கிழிந்தது. நாய் குறுக்கே வந்தது என்று எல்லோரிடமும் சொன்னார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை மனைவியின் மேசையில் ஒரு குட்டிச் சீருடைச் சட்டை கிடந்தது. காலரில் ஏதோ திட்டு.

“என்னது இது, ஜாமா?”

“பட்டன் தைக்க வந்துச்சு. ஆமா, ஜாம்தான்.”

மறுநாள் காலை அவர் கேமராவோடு கிளம்பியபோது அவளும் கூடவே நடந்தாள்.

“ஏங்க, அதோ கம்பியில என்னமோ உக்காந்திருக்கே.”

கம்பி இருக்க வேண்டிய திசையில் கழுகு முகத்தைத் தூக்கினார். “மைனா.”

“எத்தனை?”

“நாலு.”

மனைவி கண்ணை இடுக்கினாள். “நாலேதான். அந்த மரத்துல?”

“ஆந்தை. தூங்குது.”

“ஆமா, பாவம். மெதுவா பேசுங்க. குளத்தோரம் வெள்ளையா?”

“கொக்குடி. ஒத்தக்கால்ல நிக்குது.”

“என்ன பொறுமை பாருங்க அதுக்கு.”

கழுகு எல்லாவற்றையும் படம் பிடித்தார். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினார். கம்பியில் கம்பியைத் தவிர ஒன்றுமில்லை. ஆந்தை, கிளையில் சிக்கிய கிழிந்த பை. கொக்கு, எதிர்வீட்டுக் குழாய் ரிப்பேர்க்காரர். தோளில் வெள்ளைத் துண்டோடு, இரண்டு காலிலும் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கழுகுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நாலு மைனா என்று அவளும் சொன்னாளே?

அதே நேரம் உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏங்க, இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்களேன். ரெண்டு நாளா எனக்கு ஊசிக் காதே தெரிய மாட்டேங்குது.”

கழுகு பத்து நிமிஷம் போராடினார். நூல் விரலுக்குள்ளே போகப் பார்த்ததே தவிர, ஊசிக்குள்ளே போகவில்லை. “இப்ப வர்ற ஊசிக்கெல்லாம் எவன் ஒழுங்கா காது வைக்கறான்?”

“நானும் அதான் நினைச்சேன்.”

கழுகு ஊசியைக் கீழே வைத்தார். தன் கண் போனதைவிட இது பெரிய அடி. “இங்க பாரு, உனக்குக் கண்ணு மங்கிடுச்சு. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்.”

“எனக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“கண்ணு விஷயத்துல வீம்பு பண்ணக் கூடாது. மங்கினதைத் தெரிஞ்சும் மறைக்கறவங்கள என்னன்னு சொல்றது?”

“அதுவும் சரிதாங்க” என்றாள் மனைவி. “நீங்க சொன்னா வரேன்.”

கண் ஆஸ்பத்திரியில், பரிசோதனை செய்யும் பெண்ணின் காதில் அவள் ஏதோ கிசுகிசுத்தாள். தன் குறையைச் சொல்கிறாள், பாவம் என்று கழுகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்கு இந்த நாற்காலியப் பாத்தாலே பயமா இருக்கு” என்றாள் மனைவி. “முதல்ல நீங்க உக்காந்து காட்டுங்களேன். எப்படின்னு பாத்துக்கறேன்.”

“இதுல பயப்பட என்ன இருக்கு?” கழுகு கம்பீரமாக உட்கார்ந்தார். அந்தப் பெண் அவருடைய இடது கண்ணை மூடினாள். தூரத்தில் வெள்ளையாக ஒரு பலகை. அதில் கறுப்பாகச் சில திட்டுகள். குச்சியின் நுனி மேல் திட்டைத் தொட்டது.

“ஈ” என்றார் கழுகு. குச்சி இறங்கும்வரை காத்திருக்கவில்லை. “எஃப், பி. டி, ஓ, இசட்.” அடி வரிவரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பெண் குச்சியைக் கீழே வைத்தாள்.

“சார், இது எழுத்து தெரியாத சின்னப் பசங்களுக்கு வெச்சிருக்கற படப்பலகை. அம்மா இதைத்தான் மாட்டச் சொன்னாங்க. மேல இருக்கறது வாத்து.”

மனைவி எழுந்து வந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேருந்துச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்தப் பைக்குள்ளிருந்தே குட்டிச் சட்டையை எடுத்து, காலர் அவர் கண்ணுக்குக் கிட்டே வரும்படி பிடித்தாள்.

“இதுவும் ஜாம் இல்லீங்க.”