மூடிகளுக்கு நடுவே ஏழு பேர்

எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் முப்பது. சமையல் மாஸ்டர் வைத்த தட்டுகள் முப்பத்தேழு.

“மீதி ஏழு பேர் எங்க? கட்டிலுக்கு அடியிலயா?” என்றார் பெரிய சிஸ்டர்.

மாஸ்டர் சமையலறை மேசையில் கிடைத்த தாளைப் படித்தார். “மொத்தம் முப்பது. சர்க்கரை பதினெட்டு, பிரஷர் பதினாறு, ரெண்டும் இல்லாதவங்க மூணு. கூட்டினா முப்பத்தேழு வருது சிஸ்டர்!”

“சில பேருக்கு ரெண்டும் இருக்கும். கணக்குப் போட்டுப் பிரிங்க. ஒரு மணிக்குப் பெரிய டாக்டர் வர்றாரு. ஒரு தட்டு மாறினாலும் நாளைக்கு வேற மாஸ்டர்தான்.”

மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான்.

தரையில் மாவைத் தூவி, இரண்டு பானை மூடிகளை வைத்து, ஒன்றோடொன்று கொஞ்சம் ஏறும்படி வட்டம் போட்டார். ஒன்று சர்க்கரை, மற்றது பிரஷர். நடுவில் மாட்டியவர்கள் x.

18 + 16 − x + 3 = 30
37 − x = 30
x = 7

ஆக, சர்க்கரை மட்டும் பதினொன்று, பிரஷர் மட்டும் ஒன்பது, இரண்டும் ஏழு, ஒன்றுமில்லாதவர் மூன்று. கூட்டினால் முப்பது! பள்ளியில் கணக்கில் கோட்டை விட்டவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் யார் எந்த வட்டம்? தாளில் பெயர் இல்லை. வார்டுக்கு ஓடினார்.

“சர்க்கரையும் பிரஷரும் இல்லாத மூணு பேர் கை தூக்குங்க!”

எல்லாரும் தூக்கினார்கள். இரண்டு கையும் உடைந்தவர் காலைத் தூக்கினார்.

“பிரஷர் யாருக்குமே இல்லையா?”

“உங்களைப் பார்த்ததும் ஏறுதுங்க,” என்றார் கால்கட்டுக்காரர்.

உப்புக்கு ஆசைப்பட்டுப் புளுகுகிறார்கள் என்று முடிவு கட்டினார் மாஸ்டர். பாவம், அவர்தான் என்ன செய்வார்? குண்டாக இருந்தவர்களைச் சர்க்கரையில் சேர்த்தார், கத்தியவர்களைப் பிரஷரில் சேர்த்தார். சேர்க்கச் சேர்க்கக் கத்தல் கூடியது. கடைசியில் வம்பே வேண்டாமென்று முப்பது பேரையும் நடு வட்டத்தில் தள்ளினார். உப்புமில்லை, இனிப்புமில்லை. வார்டு முழுக்கக் கரண்டியால் தட்டைத் தட்டினார்கள்.

ஏற்கெனவே சமைத்த நல்ல சாப்பாடு ஊழியர் அறைக்குப் போனது. ஒரு மணிக்கு வந்த பெரிய டாக்டர் உட்பட எல்லாரும் வழித்துச் சாப்பிட்டார்கள். மாஸ்டரும் கவலையில் இரண்டு தரம் இனிப்பு போட்டுக்கொண்டார்.

அப்போது லேப்காரர் மூச்சிரைக்க வந்து அந்தத் தாளைப் பிடுங்கினார்.

“இதைத்தான் தேடித் தேடி அலைஞ்சேன்! போன வாரம் நம்ம ஸ்டாஃப் முப்பது பேருக்கும் செக்கப் பண்ணோமே, அந்த ரிசல்ட் மாஸ்டர் இது. ரெண்டும் இருக்கிற ஏழு பேர்ல முதல் ஆளு பெரிய டாக்டர், ரெண்டாவது நீங்க!”