கயர்க்காத வைன்

இந்தத் தைப்பொங்கலோடு ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் என் வீட்டில், என் கதிரையில், காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, பகிரங்கமாக ஒரு கிளாஸ் குடிப்பேன்.

பெரிய புரட்சி என்று நினைக்காதீர்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கொடிகாமத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். சந்தையில் நாலு பேர் 'வாகீசன் அண்ணை' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். நீரிழிவு என்கிற சீனி வருத்தம்கூட வந்துவிட்டது. ஒரு மனிதன் பெரியவனாவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் மாதத்தில் ஒருநாள் ஒரு மடக்குக் குடிக்க ஆசைப்பட்டால், பக்கத்துக் கடைச் சந்தியோகுவின் ரயர்க் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்துதான் குடிக்க வேண்டியிருக்கிறது. போத்தல் இருப்பது லொறி ரயருக்குள். அதை எடுக்கத் தலையை உள்ளே விட வேண்டும். ஒருமுறை தலை மாட்டிக்கொண்டுவிட்டது. சந்தியோகு ரயர் கழற்றும் இரும்போடு ஓடி வந்தபோது, பயத்தில் தலை தானாகவே கழன்று வந்துவிட்டது.

குடிப்பதில் களைப்பு இல்லை. மறைப்பதில்தான் களைப்பு. ஏலக்காய், கராம்பு, வெற்றிலை, கொய்யா இலை எல்லாவற்றையும் சப்பிவிட்டு, வீடு இருக்கிற கோப்பாய் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டே மோட்டார் சைக்கிள் ஓடுவேன். அந்த வழியில் வாய்க்குள் போன பூச்சிகளைக் கணக்கெடுத்தால் நான் சைவனே இல்லை.

என் மனைவி உதயகலா கத்துகிற ஆள் இல்லை. வாசலில் நின்று ஒரு கேள்வி மட்டும் கேட்பாள்.

"என்னப்பா, இண்டைக்கும் வெற்றிலை போட்டனீங்களோ?"

"ஓம். சந்தையிலை ஒராள் தந்தது."

"நல்லது."

அந்த 'நல்லது' இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு இரவு முழுக்க நித்திரை வராது.

விடிவு பாரிஸில் கிடைத்தது. போன வருடம் அவளுடைய தம்பி ஜெயரூபன் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டு மேசையில் சிவப்பு வைன். "அக்கா, ஒரு சொட்டு வாயிலை வைச்சுப் பாருங்கோ" என்றான். தம்பி சொல்லி அவள் தட்டியதில்லை. ஒரு சொட்டு வைத்தாள். முகம் சுருங்கிவிட்டது. சரி, இப்போது பாவம், பழி, பரம்பரை மானம் எல்லாம் வரப்போகிறது என்று நான் பிளேட்டுக்குள் தலையைக் குனிந்தேன்.

"சீ, நாக்கை இழுத்துக் கயர்க்குது. வாழைப்பொத்தி அவிச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு."

"அது ட்றை வைன் அக்கா. அப்பிடித்தான் இருக்கும்."

"அப்பிடித்தான் இருக்குமெண்டால் எனக்கு வேண்டாம்."

அவ்வளவுதான். பாவம் என்று சொல்லவில்லை. கயர்க்குது என்றாள். கவனித்தீர்களா? இத்தனை வருடமாக நான் சமயப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் ருசிப் பிரச்சினை. கயர்க்காத வைன் ஒன்றைக் கண்டுபிடித்தால் அவள் குடிப்பாள். அவள் குடித்தால் என்னைத் தடுக்க முடியாது. இந்தச் சட்ட ஓட்டையைக் கண்டுபிடித்த நேரம் பாரிஸ் நகரமே எனக்காக விளக்குப் போட்டதாகத் தெரிந்தது.

ஊருக்கு வந்து, பொங்கலும் முடிந்து, முடிவையும் எடுத்த பிறகு சந்தியோகுவிடம் போனேன். கிறிஸ்தவனான அவன் வீட்டில் ஒவ்வொரு நத்தாருக்கும் வைன் வடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அவனை விட்டால் நிபுணன் கிடையாது.

"ஐசே, கயர்க்காத வைன் எண்டு ஒண்டு இருக்கோ?"

"ஆருக்கு?"

"மனுசிக்கு."

சந்தியோகு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த ரியூப்பைக் கீழே வைத்தான்.

"ஆற்றை மனுசிக்கு?"

"என்ரை மனுசிக்குத்தான் காணும். ட்றை அவவுக்குப் பிடிக்காது. இனிப்பா, பழவாசமா வேணும். உம்மடை நத்தார் வைன் மிச்சம் கிடக்கோ?"

"அது நத்தாரண்டே முடிஞ்சுது. கடையிலை வாங்கும். சொல்லுறதை வடிவாக் கேளும். பழத்திலை இருக்கிற சீனி முழுக்க நொதிச்சு வெறியா, அதுதான் அல்கஹோலா மாறினால் அது ட்றை. கொஞ்சச் சீனி மாறாமல் நிண்டால் இனிப்பு."

"சிவப்போ வெள்ளையோ?"

"சிவப்பைத் தொடாதையும். தோலோடை ஊறுறதாலை கயரும். வெள்ளையிலை மொஸ்காட்டோ எண்டு எழுதியிருக்கோ பாரும். மூடியைத் திறக்கவே பழவாசம் வரும். வெறி வீதம் குறைவாப் போட்டிருந்தால் அனேகமாச் சீனி மிச்சம் இருக்கெண்டு கருத்து. நல்லாக் குளிரப் பண்ணிக் கொடும்."

"ட்றை எண்டு போட்டிருந்தால்?"

"வைச்ச இடத்திலை வைச்சிட்டு ஓடி வாரும்."

எங்கள் பக்கத்தில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை போட்ட கடைகளில் சாராயம் உண்டு, பியர் உண்டு. வைன் மட்டும் கிடையாது. நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போய் "வைன் இருக்கோ?" என்று கேட்டபோது, கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஏணி வைத்து ஏறி, தூசி தட்டி ஒரு போத்தல் இறக்கினான். சிவப்பு. ட்றை. சந்தியோகு சொன்னபடியே ஓடி வந்தேன்.

கடைசியில் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஒரு சுவர் நிறைய வைன். குளிரூட்டிக் காற்றில் நின்று ஒவ்வொரு லேபிளாக வாசித்தேன். ஹெல்மெட்டுக்குள் மூச்சு அடைத்து மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து புகார் மூடிவிட்டது.

"ஐயா, ஹெல்மெட்டைக் கழட்டலாம்" என்றாள் அங்கே வேலை செய்கிற பிள்ளை.

"தலை குளிருது பிள்ளை."

அவள் பாவம், துணியொன்று கொண்டுவந்து தந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் எதிரிலேயே இருக்கிறது. வெள்ளை. மொஸ்காட்டோ. பழக்குலைப் படம். வெறி வீதம் பியர் அளவுதான். கும்பிட்டுத்தான் கையில் எடுத்தேன்.

இனி நாள் பார்க்க வேண்டும். செவ்வாய், வெள்ளி மரக்கறி. அமாவாசை, பூரணை, சதுர்த்தி, கார்த்திகை எல்லாம் விரதம். மற்றக் கிழமை நாட்களில் கடை பூட்டி வர இருட்டிவிடும், ஞாயிறென்றால் வீடு நிறையச் சொந்தக்காரர். சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு நல்லெண்ணெய் எரிக்கிற வழக்கமும் உண்டு, ஆனால் அது காலையோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டுக் கலண்டரில் ஒரு மனிதன் குடிப்பதற்கு மிச்சம் இருப்பது சனிக்கிழமைப் பின்னேரம் மட்டும்தான். வெள்ளி இரவே போத்தலைப் பேப்பரில் சுற்றி, பிரிட்ஜின் அடித்தட்டில் முருங்கைக்காய்களுக்கு நடுவே படுக்க வைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் என் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். இரண்டு கிளாஸ், ஒரு போத்தல்.

"இஞ்சாரும் கலா, உமக்கொரு சாமான் வாங்கியந்தனான்."

"என்னது?"

"பழரசம்."

அவள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பழரசத்துக்கு ஏன் உப்பிடித் தக்கை இறுக்கியிருக்கு?"

"அது... கொஞ்சம் வைன் சேர்ந்த பழரசம்."

"எவ்வளவு வைன்?"

"முழுக்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"கயருமோ?"

"கயராது. கயர்ந்தால் என்னை ஏனெண்டு கேளும்."

தக்கையைக் கழற்றி விட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"மாம்பழ வாசமெல்லோ வருது. கறுத்தக்கொழும்பானோ?"

"இத்தாலிக் கறுத்தக்கொழும்பான்."

"நல்லாயிருக்கப்பா. இன்னும் எப்பன் கிளாஸிலை விடுங்கோ."

விட்டேன். சந்தோஷத்தில் மேசையிலும் கொஞ்சம் விட்டேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"சந்தியோகு அண்ணையின்ரை ரயருக்குள்ளை கிடக்கிறதும் இது மாதிரித்தானோ?"

நான் போத்தலை மெல்ல மேசையில் வைத்தேன்.

"ஆர் சொன்னது?"

"ஏலக்காய் சொன்னது. கலியாணம் முடிச்ச காலத்திலை இருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கு."

"பேந்து ஏன் நீர் ஒருநாளும் கேக்கேல்லை?"

"ஒளிச்சுக் குடிக்கிற மனுசன் கொஞ்சமாத்தான் குடிக்கும். கேட்டிருந்தால் வெளியாலை கனக்கக் குடிச்சிருப்பியள்."

கோபமே இல்லாமல் சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருடப் பயம். முதுகில் இருந்த உர மூட்டையை யாரோ பிடித்து இறக்கிவிட்டது போல இருந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் என்னோடு இருந்திருக்கிறாள் என்று நினைக்க, இவளுக்கு என்ன செய்தாலும் தகும் என்று தோன்றியது. அந்த நிம்மதியில் வாய் திறந்துவிட்டது.

"கலா, நல்லூர்க் கந்தன் அறிய இனி ரயர்ப் பக்கமே போகமாட்டன். குடிச்சால் இந்த வீட்டிலை, உமக்கு முன்னாலை மட்டும்தான்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

"கற்பூரம் கொளுத்தட்டோ?"

"கொளுத்தும்."

சாமியறைக்குப் போனாள். தட்டில் கற்பூரம் எரிய எரியக் கொண்டுவந்தாள். நான் வீரமாக உள்ளங்கையால் அமத்தி அணைத்தேன். கை சுட்டது, மனம் குளிர்ந்தது. இத்தனை நல்ல காரியம் செய்த மனிதனுக்கு ஒரு கிளாஸ் உரிமை இல்லையா? எனக்கு விட்டுக்கொண்டேன். காலுக்கு மேல் கால் போட்டேன். கிளாஸைத் தூக்கினேன்.

"பொறுங்கோ. இதென்னெண்டு இப்பிடி இனிக்குது? சீனி போடுறவையோ?"

நான் நிபுணன் அல்லவா. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விளக்கினேன்.

"போடுறேல்லை கலா. பழத்தின்ரை சொந்தச் சீனி. அது முழுக்க மாறினால் ட்றை. மாறாமல் நிண்டால் இப்பிடி இனிக்கும்."

"அப்ப இதிலை சீனி நிக்குது."

"கனக்க நிக்குது" என்றேன் பெருமையாக.

சொன்ன பிறகுதான் என் காதுக்கு அது கேட்டது. அதற்குள் கிளாஸ் அவள் பக்கம் போய்விட்டது.

"போன கிழமை கிளினிக்கிலை டொக்டர் என்ன சொன்னவர்?"

"அது தேத்தண்ணிக்குச் சொன்னவர்."

"சீனிக்குச் சொன்னவர். தேத்தண்ணிக்குள்ளை இருந்தாலும் இத்தாலிக்குள்ளை இருந்தாலும் சீனி சீனிதான்."

வெளியே குடிக்கிற வழியைக் கற்பூரம் பூட்டிவிட்டது. உள்ளே சீனி பூட்டிவிட்டது. இரண்டு பூட்டுக்கும் சாவி கொடுத்தவன் நான்தான். ஆனாலும் லேசில் விடுகிற ஆள் இல்லை நான்.

"அப்ப எனக்கு ட்றை வாங்கிறன். அதிலை சீனி இல்லையெல்லோ."

அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"உங்களுக்குச் சீனி இல்லாததா, கயர்க்கிறதா ஒண்டு வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான், அவ்வளவுதான்."

இத்தனை சுலபமாக வழிக்கு வந்துவிட்டாளே என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்க, குசினிக்குள் போனாள். போன கையோடு திரும்பி வந்தாள். கையில் ஒரு நீண்ட கிளாஸ். உள்ளே மண்ணிறத்தில் என்னவோ கலங்கலாக இருந்தது.

"என்ன கலா இது?"

"நாவல் கொட்டைத் தூள். சீனி வருத்தத்துக்கு விசேசமாம். காலமை முருங்கைக்காய் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தனான். உங்கடை போத்தலைக் கண்டவுடனை இதையும் கரைச்சு வைச்சிட்டன்."

ஒரு வாய் குடித்தேன். பாரிஸ் வைன் எல்லாம் இதற்குப் பக்கத்தில் வரமுடியாது, நாக்கு அப்படியே அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் தன் கிளாஸில் மிச்ச மொஸ்காட்டோவை விட்டுக்கொண்டு, வெகு அன்பாக என்னைப் பார்த்தாள்.

"ஆறுதலாக் குடியுங்கோ. இனி ஒருத்தருக்கும் ஒளிக்கத் தேவையில்லை."