வெள்ளையம்மாவுக்கு ஒரு ஜன்னல்

பெரியமலை டிவிசன், கடைசி லயம்,
கரவனெல்ல.
14.08.1996

மாவனல்லையில் மக்கீன் முதலாளி கடையில் சீரோடு இருக்கும் மச்சான் செல்லையா அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி புருஷன் அருணாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் கோழிகளும் நலம். உங்கள் தங்கச்சி வெள்ளையம்மா நலமில்லை, அதற்காகவே இக்கடிதம்.

விஷயம் என்னவென்றால், ஜன்னலில்லாத எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்புப் புகையடித்து அவளுக்கு மூச்சிழுப்பு வந்து, கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் மருந்து கொடுத்து, "காம்பராவுக்கு ஒரு ஜன்னல் வைங்க, காத்து வரணும்" என்றார். அரசாங்க டாக்டரே சொல்லிவிட்டார் என்று சந்தோஷமாகத் தோட்டத்துத் தொரைகிட்ட போய் நின்னேன். "லயத்து வீட்டு வரிசை கவர்மெண்டோடது, கம்பனி குத்தகைக்குத்தான் எடுத்திருக்கு, அடுத்தவன் சுவத்துல நான் எப்படி ஓட்டை போட விடுறது?"ன்னாரு. சரின்னு பஸ் ஏறிக் கவர்மெண்டு கச்சேரிக்குப் போனா, அங்க இருந்த ஆபீசர் மாத்தயா, "தோட்டத்தைக் கம்பனிக்குக் குடுத்தாச்சு, நாங்க தலையிட ஏலாது"ன்னு ரொம்ப மரியாதையா சொல்றாரு. ஏன் மச்சான், லயத்துக்கு வெள்ளையடிச்சப்ப கவர்மெண்டும் கம்பனியும் எங்க வேலைன்னு போட்டி போட்டு போர்டு மாட்டினாங்களே, அப்ப மட்டும் யாரு வீடு? முன்னயெல்லாம் ஒரே எடத்துல ஏச்சு வாங்கினோம். இப்ப ரெண்டு எடத்துல வாங்குறோம், அதுக்குப் பேரு முன்னேத்தமாம். யூனியன் தலைவர்கிட்ட போனேன். "நீ இந்த நாட்டுப் பிரஜை, ஒனக்குச் சுதந்திரம் இருக்கு"ன்னு பேசிப் பேசியே என் பொயிலையைத் தீத்துட்டாரு. நாட்டை ஆள ஆளைத் தெரிவு செய்யலாமாம், சொந்த அடுப்படிக்குக் காத்து விடக் கூடாதாம்!

வந்துச்சு பாருங்க கோவம்! அலவாங்கை எடுத்து நானே சுவத்தை ஒடைச்சுப்புட்டேன். காத்து குபுகுபுன்னு வந்துச்சு. ஒங்க தங்கச்சி அதுல மொகத்தை வச்சு மூச்சு விட்டதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு. இனி கவர்மெண்டும் வேணாம், கம்பனியும் வேணாம். ஒருத்தன் வீட்டு விஷயத்துல இன்னொருத்தன் அதிகாரம் பண்ணக் கூடாது, அதுதான் மச்சான் என் கொள்கை.

முதலாளிக்கு என் சலாம். வீட்டில் எல்லோரையும் அம்மன் காற்றோட்டமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சுதந்திர மனிதன் அருணாசலம்

பி.கு.: கடிதத்துக்கு முத்திரை வாங்கப் பிந்திய ஒரு கெழமைக்குள்ள சின்ன மாத்தம். பக்கத்துக் காம்பரா மூக்கையா என் ஜன்னலுக்கு நேரா ஆட்டுக்கொட்டில் போட்டுட்டான். "யாருகிட்ட கேட்டுப் போட்டே?"ன்னேன். "நீ யாருகிட்ட கேட்டு ஒடைச்சே?"ங்கிறான், திமிரு! விடுவேனா? கச்சேரிக்கும் கம்பனிக்கும் பெட்டிசன் போட்டேன். இத்தனை நாளா அசையாத ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல வந்து எறங்கினாங்க. கொட்டில் தற்காலிகமாம், இருக்கட்டுமாம். ஜன்னல் அனுமதி இல்லாததாம், கல்லு வச்சு அடைச்சுட்டாங்க. கொட்டிலுக்குச் சுவரே இல்ல, நல்ல காத்து. ஒங்க தங்கச்சி இப்ப ஆடுகளுக்குப் பக்கத்துல ஒக்காந்துதான் மூச்சு விடுறா. அவளை மூக்கையா ஒரு வார்த்தை கேக்கல. நான் கொட்டிலுக்குள்ள வர்றதுன்னா மட்டும் அனுமதி எழுதிக் கேக்கணுமாம்.