போர்டுக்கு ஒரு வார்த்தை

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோ தூக்குவதில்லை என்று வெள்ளிக்கிழமையே தீர்மானம் போட்டுவிட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

பீரோ என்னுடையதல்ல, மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். தையல் மெஷின் பழுது பார்ப்பவர். அவர் வீட்டில் தலையணையைத் தவிர மற்றதெல்லாம் இரும்பு. அந்த இரும்பையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்கு மாற்றுகிறார். அங்கே லிஃப்ட் கிடையாது. தங்கை வேலை பார்ப்பதோ லிஃப்ட் கம்பெனியில். அண்ணனுக்கு அந்த நன்றிகூட இல்லை.

போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டுமே! அதை என் மேனேஜரே கொடுத்தார்.

நான் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. கேட்டில் புதிதாக ஒரு போர்டு வைக்கப்போகிறார்கள். 'சேஃப்டி ஈஸ்' என்பது வரை மேனேஜர் யோசித்துவிட்டார். அதற்குமேல் ஓடவில்லை.

"இம்பார்ட்டன்ட்னு மட்டும் போட்டுடாதே. கேன்டீன்ல தட்டு கழுவுற இடத்துலயே அதை எழுதி வச்சிருக்கான். அதுக்கும் மேல, இதைவிட்டா வேற இல்லைங்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு. திங்கக்கிழமைக்குள்ள வேணும். இல்லேன்னா மீசைகிட்ட கேட்டுக்குவேன்" என்றார்.

மீசை என்பவர் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். தலைமைப் பாதுகாப்பு அதிகாரி நாற்காலி காலியானதிலிருந்து, அது ஆடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவே இப்போது ஒரே ஓர் ஆங்கில வார்த்தை.

"ஞாயித்துக்கிழமை நான் வரமுடியாது. வார்த்தை தேடணும்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"எங்க தொலைச்சீங்க?"

"கிண்டல் பண்ணாதே. இது என் எதிர்காலம்."

"சரி, தேடுங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக விட்டது சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை குளித்துவிட்டு வந்ததும் அகராதியோடு நடக்க ஆரம்பித்தேன். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். 'வைட்டல்' என்று பார்த்தேன். சத்து மாத்திரை மாதிரி இருந்தது. 'குரூஷியல்' என்றால் யாரையோ அடிக்கப்போகிற தொனி. 'சுப்ரீம்' என்றதும் கோர்ட் வாசலில் நிற்கிற பயம் வந்தது. 'அட்மோஸ்ட்' கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் துணைக்கு இன்னொரு வார்த்தை இல்லாமல் வெளியே வரமாட்டேன் என்றது. 'பேரமவுண்ட்' நன்றாக இருந்தது. ஆனாலும் பேரம் பேசி ஒரு அமவுண்ட்டுக்கு முடித்த மாதிரி ஓர் உறுத்தல். உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன். மூடினேன்.

"தரை தேயுதுங்க" என்றாள் மனைவி. "எந்த வார்த்தை பெருசுன்னு புத்தகத்துல பார்த்தா எப்படித் தெரியும்? ஆள் மேல பிரயோகம் பண்ணிப் பார்க்கணும்."

"எப்படி?"

"எங்க ஆபீஸுக்குப் போன் பண்றவங்க எல்லா வார்த்தையும்தான் சொல்றாங்க. அர்ஜென்ட்ங்கிறான், கிரிட்டிகல்ங்கிறான். மெக்கானிக் எந்த வார்த்தைக்கு எழுந்து ஓடறானோ அதுதானே பெரிய வார்த்தை? நாளைக்கு நீங்க நிம்மதியா வீட்டுல உட்காருங்க. நான் அண்ணன் வீட்டுலேருந்து ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லிக் கூப்பிடறேன். எதுக்கு உங்களை அறியாம எழுந்திருக்கறீங்களோ, அதை மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க."

"எழுந்தா அங்க வரணுமா?"

"வராம? சும்மா எழுந்து உட்கார்றதுக்கு வார்த்தை எதுக்கு?"

"எதுக்குமே எழுந்திருக்கலேன்னா?"

"உங்களுக்கு வார்த்தை இல்லே. மீசைக்கு நாற்காலி."

யோசித்தேன். எழுந்தால் பீரோ. எழாவிட்டால் மீசை. ஆனால் நானும் லேசுப்பட்டவனல்ல. எதற்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு 'பேரமவுண்ட்' என்று மேனேஜரிடம் சொல்லிவிடலாம். எழுந்தேனா இல்லையா என்று அவர் வந்தா பார்க்கப்போகிறார்? "சரி" என்றேன். சிரிப்பை அடக்க அகராதியால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அவள் போய்விட்டாள். நான் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"என்னங்க, கட்டிலைப் பிரிக்கறாங்க. நீங்க வர்றது வைட்டல்."

"ம்ஹூம். கால் விரல்கூட அசையலே."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"மெஷினெல்லாம் இறங்குதுங்க. குரூஷியல்."

"கொட்டாவி வருது."

"புது வீட்டு வாசல்ல பீரோவுக்குக் கயிறு கட்டறாங்க. அண்ணனுக்கு வேற இடுப்புப் பிடிப்பு. பேரமவுண்ட்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுந்திருக்கத் தோணலியே!"

"அப்படியா?" என்று வைத்துவிட்டாள்.

வெற்றி! அடுத்தது 'சுப்ரீம்' ஆகத்தான் இருக்கும். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தேன். போன் அடிக்கவில்லை. பதிலை இன்னும் கொஞ்சம் மெருகேற்றினேன். அப்போதும் அடிக்கவில்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது. சத்தமும் இருந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "என் நம்பருக்கு ஒரு கால் போடுங்க சார்" என்றேன்.

போட்டார். அடித்தது.

"நல்லாத்தானே அடிக்குது?"

"அப்ப அவ ஏன் அடிக்கலே?"

"பெண்டாட்டி போன் பண்ணலேன்னு பதறுற ஆளை இப்பத்தான் சார் பார்க்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அவளுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. மச்சானுக்குப் போட்டேன். அவரும் எடுக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரியின் மூளை இருக்கிறதே, அது சும்மா இருக்காது. கயிறு அறுகிறது. பீரோ சறுக்குகிறது. கீழ்ப்படியில் யார் நிற்கிறார்கள்? முகம் தெரியவில்லை. ஆனால் புடவை தெரிகிறது. அது நான் வாங்கிக்கொடுத்த புடவை!

சட்டைப் பொத்தானைத் தெருவில் போட்டுக்கொண்டேன். வலது காலில் என் செருப்பு. இடது காலில் அவளுடையது. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

மச்சானின் புது வீட்டு வாசலில் பீரோ நின்றது. பக்கத்தில் சுருட்டிவைத்த மெத்தைமேல் என் மனைவி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். போன் மடியில் இருந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கென்ன?"

"பின்னே ஏன் போனை எடுக்கலே?"

"எடுத்திருந்தா வந்திருப்பீங்களா?"

இடது காலில் இருந்த அவளுடைய செருப்பை வலது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளை வந்தாச்சு! கயித்தைக் கொண்டாங்கப்பா!" என்றார் மச்சான். குரலில் இடுப்புப் பிடிப்புக்கான அறிகுறியே இல்லை.

பீரோவைத் தூக்கினேன். மெஷின்களைத் தூக்கினேன். எதற்கென்றே தெரியாத இரும்புகளைத் தூக்கினேன். கடைசி இரும்போடு மூன்றாம் மாடியை எட்டியபோது முதுகு என்னுடையதாகத் தோன்றவில்லை. ஆனாலும் ஓர் ஆறுதல். முதுகு போனாலும் நாற்காலி போகக்கூடாது. மூச்சு வாங்க மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், பேரமவுண்ட்!"

"எதுக்குப்பா?"

"போர்டுக்கு சார்."

"அதான் நேத்தே எழுதியாச்சே! பெயிண்டர் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டான். உனக்குப் போன் போட்டேன். நீ குளிச்சிட்டு இருந்தே. உன் வீட்டம்மாதான் எடுத்தாங்க. சும்மா கேட்டு வைப்போம்னு கேட்டேன். டக்குனு சொல்லிட்டாங்க."

"என்னன்னு சார்?"

"ஃபர்ஸ்ட். சேஃப்டி ஃபர்ஸ்ட். நடுவுல இருந்த 'ஈஸ்' கூட வேண்டாம்னுட்டாங்க. பெயிண்ட் மிச்சம். இனிமே எதுன்னாலும் நேரா அவங்களையே கேட்டுடறேன்."

"அந்த நாற்காலி சார்..."

"மீசைகிட்ட கேட்கவே இல்லேப்பா. உனக்குத்தான். அவங்களுக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு."

திரும்பினேன். அவள் பீரோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துக் காலையிலேயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறமும் என்னை நேத்து முழுக்க அகராதியோட அலையவிட்டே! இன்னிக்கு உட்காரவச்சுப் பரீட்சை வேற! ஏன் சொல்லலே?"

"சொல்லலாம்னுதாங்க இருந்தேன்" என்றாள், கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமலே. "அது ஒண்ணும் அவ்வளவு முக்கியமாத் தோணலே."