ஆட்டிலிருந்து சால்வைவரை

டெம்போவின் பின்கதவு வழியாக இறங்கிய ஆட்டின் உடம்பில், விரலால் பிடித்து இழுக்க ஒரு முடிகூட இல்லை.

ஜெகதீசன் அதை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார். கறுப்பு முகம், கறுப்பு உடம்பு, ஒட்ட மழித்த தோல். சலூனிலிருந்து நேரே எழுந்து வந்தது மாதிரி இருந்தது. ஆடு அவரை அலட்சியமாகப் பார்த்துவிட்டு டெம்போ பக்கம் திரும்பிக் கத்தியது.

மணி ஒன்பது. பதினொரு மணிக்கு, மகர்பட்டாவின் அந்தப் பெரிய அரங்கில், நானூறு பேர் முன்னால் இந்த ஆட்டுக்கு முடி வெட்டியாக வேண்டும்.

நூற்பு, நெசவு, நார்க்கலை மாநாட்டின் இரண்டாம் நாள் அது. அன்றைய சிறப்பு நிகழ்ச்சிக்கு 'ஆட்டிலிருந்து சால்வைவரை' என்று பெயர். மேடையில் செம்மறிக்கு முடி வெட்டுவார்கள். நான்கு குழுக்கள் அந்த முடியைப் பங்கு போட்டு, சிக்கெடுத்து, தக்ளியில் நூற்று, கைத்தறியில் நெய்து, மாலை ஐந்து மணிக்குள் போட்டியாகக் குழுவுக்கு ஒரு சால்வை முடிக்க வேண்டும். அதில் ஒரு குழுவில் ஜெகதீசனின் மனைவி பார்வதி இருந்தாள். ஐந்து மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தக்ளி சுற்றிப் பழகியிருந்தாள். குழம்பில் கம்பளி மிதந்த நாட்களை ஜெகதீசன் குறை சொல்லாமல் கடந்திருந்தார்.

சிறப்பு நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாளர் ஜெகதீசன்தான். அந்தப் பொறுப்பையும் பார்வதிதான் வாங்கிக் கொடுத்திருந்தாள். அது சுலபமாகக் கிடைக்கவில்லை. தேஹு ரோடு ராணுவ டெப்போவில் முப்பத்துமூன்று வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவர் என்பதால், போன வருடம் கண்காட்சித் துணிகளைப் பாதுகாக்கும் வேலையை அவரிடம் விட்டிருந்தார்கள். அவர் எல்லாத் துணிகளுக்குள்ளும் நாப்தலின் உருண்டைகளைச் செருகிவைத்தார். திறந்துவைக்க வந்த பிரமுகர் பதினேழு தும்மல் தும்மி, பேசாமலே காரில் ஏறிவிட்டார். மாநாட்டுத் தலைவி சுலபா காளே மேடம் அதை மறக்கவில்லை.

ஆட்டுக்காரர் தோண்டிபா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "சாகேப், இது வந்து..." என்று மராத்தியில் ஆரம்பித்தார்.

ஜெகதீசனின் பழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் பிரச்சினையைச் சொல்ல வாய் திறந்தால், பாதி வாக்கியத்திலேயே அவர் தீர்வோடு கிளம்பிவிடுவார். டெப்போவில் இதற்காக அவருக்கு நல்ல பெயர் இருந்தது. மீதிப் பாதி வாக்கியத்தில் என்ன இருந்தது என்பதை மற்றவர்கள் பிறகு சரிசெய்துகொண்டார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார் அவர், தோண்டிபாவின் மராத்தியைவிட வேகமான மராத்தியில். "தப்பு என்மேலதான். பெரிய மனுஷங்க வர்ற இடம், சுத்தமா கொண்டு வாங்கன்னு போன்ல சொன்னது நான்தான். நீங்க சுத்தம் பண்ணிட்டீங்க."

"இல்ல சாகேப், அது..."

"வண்டியைப் பின்பக்கம் வேப்பமரத்தடியில நிறுத்துங்க. இந்தாங்க கூப்பன். கேன்டீன்ல மிசள் எத்தனை தட்டு கேட்டாலும் குடுப்பாங்க. நான் கூப்பிடாம ஹாலுக்குள்ள வராதீங்க."

தோண்டிபா கூப்பனைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு கேன்டீன் பக்கம் நடந்தார்.

ஆட்டைச் சாமான் அறையில் கட்டிவிட்டு, ஜெகதீசன் கோந்த்வாவில் இருக்கும் அப்துல் காதருக்குப் போன் போட்டார். காதர், ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையும் மெத்தையும் தைக்கும் கடை வைத்திருப்பவர். இருபது வருடச் சினேகிதம்.

"காதர் பாய், அர்ஜென்ட்டா ஒரு ஆடு வேணும். உடம்புல நல்லா முடி இருக்கணும்."

"குர்பானிக்காண்ணே?"

"இல்லப்பா. மாநாட்டுக்கு."

"எத்தன பேருக்குச் சமைக்கிறீங்க?"

"சமைக்கிறதுக்கு இல்ல. மேடையில ஏத்தணும்."

காதர், "எத்தன மணிக்கு மேடை?" என்று மட்டும் கேட்டார். நல்ல நண்பர்கள் அவ்வளவுதான் கேட்பார்கள்.

பத்து மணிக்குக் காதரின் வேன் வந்தது. உள்ளேயிருந்து கம்பீரமான ஒரு வெள்ளாடு இறங்கியது. முறுக்கிய கொம்பு. நெஞ்சுவரை தொங்கும் தாடி.

"இது வெள்ளாடு," என்றார் ஜெகதீசன்.

"ஆடுன்னுதானே கேட்டீங்க."

"செம்மறியாடு வேணும்பா."

"செம்மறின்ற வார்த்தையே போன்ல வரலண்ணே. முடி இருக்கணும்னீங்க. எங்க பெரியப்பாவுக்குக்கூட இப்படி ஒரு தாடி கிடையாது, பாருங்க."

ஜெகதீசன் பார்ப்பதற்குள் ஆடு கயிற்றை உருவிக்கொண்டு போய்விட்டது.

அரங்கின் வாசலுக்கு உட்புறம் வாழைநாரும் வைக்கோலும் பின்னிய வரவேற்பு வளைவு ஒன்று நின்றது. சுலபா மேடம் தன் கையாலேயே மூன்று வாரம் உட்கார்ந்து பின்னியது. காதரும் ஜெகதீசனும் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது, வளைவின் இடது காலை ஆடு தன் வாய்க்கு எட்டிய உயரம்வரை தின்று முடித்திருந்தது. அங்கே மூங்கில் மட்டும் நின்றது.

"ஆட்டை வண்டியில ஏத்துங்க," என்றார் ஜெகதீசன். "இதை நான் பாத்துக்கறேன்."

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு. கத்திரியை எடுத்து வலது காலையும் அதே உயரம்வரை வெட்டினார். நாரோடு நாராக மூங்கிலைக் கட்டியிருந்த கயிறும் அறுந்தது. வளைவு அவசரப்படாமல் மெல்லச் சாய்ந்து, பெயர் பதிவு செய்யும் மேஜைமேல் படுத்துக்கொண்டது.

சுலபா மேடம் ஓடிவந்தார். "என்ன ஆச்சு?"

"காத்து மேடம்," என்றார் ஜெகதீசன்.

சுலபா மேடம் மூடியிருந்த கண்ணாடிக் கதவுகளைப் பார்த்தார். பிறகு ஜெகதீசன் கையிலிருந்த கத்திரியைப் பார்த்தார்.

"முடி வெட்டறதுக்கு எடுத்து வெச்சது," என்றார் ஜெகதீசன்.

"அதாவது ஒழுங்கா நடக்குமா, ஜெகதீசன்ஜி? பார்வதிக்காகத்தான் உங்ககிட்ட விட்டேன். இதுவும் கெட்டதுன்னா அடுத்த வருஷம் ரெண்டு பேரையும் கூப்பிடறதைப் பத்தி நாங்க யோசிக்க வேண்டியிருக்கும்."

தன்னைக் கூப்பிடாவிட்டாலும் ஜெகதீசனுக்குக் கவலையில்லை. பார்வதிக்கு இந்த மாநாட்டை நடத்தும் சங்கத்தைவிட்டால் மராத்திக்காரச் சினேகிதிகள் வேறு யாரும் இல்லை.

வேனில் ஏறப்போன காதர் திரும்பினார். "அண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு வேண்டியது முடியா, ஆடா?"

"முடிதான்."

"ஆடுதான் உள்ள இருக்கே. முடியை உறையா தைச்சு மேல போட்டுட்டுப் போங்களேன். நாங்க ரஜாய்க்குப் போடறதில்லையா."

விற்பனைக் கூடத்தில் பீகானேரிலிருந்து வந்த ஒரு அம்மாள், வெட்டிய கம்பளியைக் கலைக்காமல், ஒரே விரிப்பாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அடர்த்தியான வெள்ளைக் கம்பளி. கறுப்பில் இல்லையா என்று ஜெகதீசன் கேட்டார். இல்லை.

அவர் வெள்ளையையே வாங்கிவந்து பார்வதியைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டபோது, அவள் ஆட்டையும் விரிப்பையும் கணவனையும் அந்த வரிசையிலேயே பார்த்தாள்.

"ஏங்க, நான் போட்டியில இருக்கறவ. இது தெரிஞ்சா என் பேரை எடுத்துடுவாங்க."

"யாருக்கும் தெரியாது."

"போன வருஷம் உருண்டை போட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"பாரு, இன்னும் முக்கால் மணிநேரம்தான் இருக்கு. ஆடு இல்லன்னா போட்டியே இல்ல. அஞ்சு மாசம் சுத்தினியே."

பார்வதி கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். "அசையாம புடிச்சுக்குங்க," என்றாள். "ஆட்டைச் சொன்னேன்."

ஒரு பழைய மஸ்லின் துணியில் விரிப்பைப் பரப்பித் தைத்து, வயிற்றுக்கு அடியில் ஐந்து நாடாக்களால் முடிச்சுப் போட்டாள். கழுத்தில் ஒன்று. வேலை சுத்தமாக இருந்தது. சாமான் அறையிலிருந்து வெளியே வந்தது கறுப்பு முகமும் கறுப்புக் காலும் பனிபோல வெள்ளை உடம்புமான ஓர் அபூர்வப் பிராணி.

சிக்கல் அது அபூர்வமாக இருந்ததுதான். தக்காணத்துக் கறுப்புச் செம்மறி என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. போட்டோ எடுத்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவர் கோகடே வந்தார். கால்நடைப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் கண்ணாடி, கையில் நோட்டு.

"இந்த மாதிரி நான் மகாராஷ்டிரத்துல பாத்ததே இல்ல," என்றார் அவர். "எந்த இனம்?"

"தேஹு ரோடு," என்றார் ஜெகதீசன். வாயில் முதலில் வந்த ஊர் அதுதான்.

"தேஹு ரோட்டுல செம்மறி இனம் இருக்கா?"

"டெப்போவுக்கு உள்ள."

"ராணுவ டெப்போவுக்குள்ள எதுக்குச் செம்மறி?"

முப்பத்துமூன்று வருடப் பழக்கத்தில், பதில் தெரியாத இடத்தில் சொல்லும் ஒன்றை ஜெகதீசன் சொன்னார். "அதுக்கு மேல நான் பேசக்கூடாது சார்."

பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். நோட்டை மெல்ல மூடிச் சட்டைக்குள் வைத்தார். "புரியுது," என்றார் தணிந்த குரலில். அதன்பிறகு ஆட்டை நெருங்கியவர்களையெல்லாம் அவரே கையைக் காட்டித் தடுத்தார். தடுத்த பிறகு கூட்டம் இரண்டு மடங்காயிற்று.

மணி பதினொன்று. ஆட்டை மேடைக்கு ஏற்றினார்கள்.

"ஆட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டார் சுலபா மேடம்.

"அவருக்கு வயிறு சரியில்ல. நானே வெட்டிடறேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"டெப்போல பழக்கம்," என்றார் ஜெகதீசன். பேராசிரியர் சுலபா மேடத்தின் முழங்கையைத் தொட்டு, கேட்க வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஜெகதீசன் மண்டியிட்டார். கத்திரியை வயிற்றுக்கு அடியில் விட்டு முதல் நாடாவை அறுத்தார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. பார்ப்பவர்களுக்குக் கத்திரியின் சத்தம் மட்டும் கேட்டது. கழுத்து நாடாவை அறுத்ததும் மொத்தக் கம்பளியும் ஒரே விரிப்பாக வழுக்கி மேடையில் விழுந்தது. அடியில், ஒரு கீறல்கூட இல்லாமல், ஒட்ட முடி வெட்டிய கறுப்பு ஆடு நின்றது. அது உடம்பை உதறிக்கொண்டு, போனது நல்லதாயிற்று என்பதுபோல் கத்தியது.

மொத்தம் இருபத்தாறு விநாடி. யாரோ போனில் அளந்திருந்தார்கள்.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. பார்வதி பாய்ந்து வந்து கம்பளியை அள்ளி, ஒரே இழுப்பில் மஸ்லினைப் பிரித்துத் தன் புடவை மடிப்புக்குள் திணித்துக்கொண்டு, மற்ற குழுக்களுக்குப் பங்கு வைக்க ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை. தக்ளிகள் சுழலத் தொடங்கின.

சுலபா மேடம் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். இந்தச் சங்கம் ஜெகதீசன்ஜியைத் தவறாக எடை போட்டுவிட்டது என்றார். அடுத்த வருடம் முடி வெட்டும் பயிற்சி வகுப்பை அவரே நடத்துவார் என்றார். ஜெகதீசன் கையெடுத்துக் கும்பிட்டார். வியர்வை மெல்ல அடங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் காலையிலிருந்து முதல் தடவையாக வந்தது. காதரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது கோகடே போனை நீட்டிக்கொண்டு மேடையேறினார். "ஜெகதீசன்ஜி, நான் கை தட்டினதுல வீடியோ எடுக்க விட்டுட்டேன். என் வாழ்க்கையில இப்படி ஒரு கையை நான் பாத்ததில்ல. இன்னொரு ஆட்டுக்கு ஒருதரம், மெதுவா வெட்டிக் காட்டுங்க. எல்லாரும் கத்துக்கட்டும்."

கூட்டம் மறுபடி கை தட்டியது. ஜெகதீசன் பயப்படவில்லை. இதற்குப் பதில் கைவசம் இருந்தது, அதுவும் உண்மையான பதில். ஒலிபெருக்கியை வாங்கி, நிஜமான வருத்தத்தோடு மராத்தியில் பேசினார்.

"எனக்கும் ஆசைதான் சார். ஆடு இருந்தா இப்பவே வெட்டிடுவேன். என்ன செய்யறது, வந்தது இந்த ஒரே ஒரு ஆடுதான்."

அரங்கின் பின்வாசலில் கைதட்டல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தோண்டிபா, மிசள் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, காடுமேட்டில் கூப்பிடும் குரலில் சொன்னார்:

"ஒண்ணு ஏன் சாகேப்? முடி வெட்டறதுக்குக் கொண்டாந்த ஆடு காலையிலேர்ந்து வண்டியிலயேதான் நிக்குது. தனியா வந்தா பயப்படும்னு அதுக்குத் துணைக்குத்தான் அந்த மொட்டையைக் கூட்டிட்டு வந்தேன்."